நான் போட்ட நடனக்காரி வேடம்

எங்கள் நாடகக் குழுவில் ஏழு பேர். பகலில் குமாஸ்தா, வாத்தியார், பத்திரம் எழுதுபவர். சாயங்காலம் ஆனால் கலைஞர்கள் என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். சென்ற ஆண்டு மூன்று சிறு நகைச்சுவை நாடகங்கள் போடத் தீர்மானித்தோம். ஒன்று பார் சப்ளையரைப் பற்றி, இன்னொன்று லாட்ஜ் வாசலில் நிற்கும் காவலாளியைப் பற்றி. மூன்றாவது, திருவிழாக்களில் விடிய விடிய ஆடலும் பாடலும் நடத்தும் குழுவின் நடனக்காரியைப் பற்றி. அந்த வேடம் என் தலையில் விழுந்தது. பெண்கள் யாரும் அதற்கு முன்வரவில்லை. ஏன் என்று நாங்கள் யோசிக்கவும் இல்லை.

எனக்கு இடுப்பு வளையவில்லை. வீட்டில் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் தறிக்குப் பாவு பிணைக்க வந்திருந்த அக்கா கவனித்துவிட்டார். பழைய பாவின் முனையோடு புதிய பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்க்கும் வேலை அது. ஆயிரக்கணக்கான இழைகள், நாள் முழுக்க ஆகும். எங்கள் பிள்ளையார்பாளையத்தில் பல வீடுகளுக்கு அவர்தான் வருவார்.

"அப்பிடி யாரும் ஆடமாட்டாங்கபா," என்றார், தலை நிமிராமல்.

அன்று மத்தியானம் அவருக்கு எதிரே உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு முன்பு ஆறு வருடம் அப்படியொரு குழுவில் ஆடியதாகச் சொன்னார். எல்லாவற்றையும் இழையைப் பார்த்தபடியே சொன்னார். குடித்தவன் மேடையேறினால் கத்தக் கூடாதாம். சிரித்த முகத்தோடு அவன் மணிக்கட்டைப் பிடித்து, இன்னொரு கையை முதுகில் வைத்து, "வாங்க ராஜா, உங்க எடம் அங்க இருக்குது" என்று மெல்லத் திருப்பிப் படியில் இறக்கிவிட வேண்டுமாம். என்னையே குடிகாரனாக்கிச் செய்தும் காட்டினார்.

"என் பொண்ணுக்குத் தெரியாதுபா. காலேஜுல படிக்குது. அதுக்குத் தெரியவும் வேணாம்."

"சொல்ல மாட்டேன்க்கா."

பாவு பிணைக்கும்போது பேசுவதை வெளியே கொண்டுபோவதில்லை என்பது எங்கள் தெருவின் பழக்கம். அத்தனை மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்தால் எதுதான் வாயில் வராது? நானும் எதையும் கொண்டுபோகவில்லை என்றே நம்பினேன். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. அந்த ஒரு காட்சியை மட்டும் நாடகத்தில் சேர்த்துக்கொண்டேன்.

நாடகத்தன்று பள்ளிக்கூட அரங்கு நிறைந்துவிட்டது. அக்கா மகளோடு மூன்றாவது வரிசையில் இருந்தார். நான்தான் வற்புறுத்தி வரச் சொல்லியிருந்தேன். எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டேன் என்று அவர் பார்க்க வேண்டும் என்ற அற்ப ஆசை.

குடிகாரராக வந்த வாத்தியாரின் மணிக்கட்டைப் பிடித்தேன். முதுகில் கை வைத்து, "வாங்க ராஜா" என்றேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கைதட்டலில் தலைகால் புரியாமல், அவரைத் திரும்ப மேடைக்கு இழுத்து இன்னொரு முறை இறக்கிவிட்டேன். அப்போதுதான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். அக்கா புடவைத் தலைப்பால் வாயை மூடியிருந்தார். மகள் மேடையைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேடத்தைக் கலைப்பதற்குள் அவள் மேடைக்குப் பின்னால் வந்துவிட்டாள்.

"அந்த சீன் யாருண்ணா சொல்லிக் குடுத்தது?"

"நாங்களே யோசிச்சதுமா."

"எங்கப்பா குடிச்சிட்டு வர்றப்பல்லாம் எங்கம்மா இப்படித்தாண்ணா கூட்டிக்கினு போய் படுக்க வைப்பாங்க. இதே மாதிரி புடிச்சி, இதே மாதிரி ராஜான்னு சொல்லி. சின்ன வயசுலேர்ந்து பாத்துக்கினு இருக்கேன்." என் வேடத்தை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கம்மா ஆடுனாங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சவுரியும் உதட்டுச்சாயமுமாக அவள் எதிரே நின்றிருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவே அவளுக்குப் பதிலாகிவிட்டது. அதற்குள் அக்காவும் வந்து அவள் பின்னால் நின்றிருந்தார்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. குற்றம் செய்தவரைப் போல மகளிடம், "வாம்மா, போலாம்" என்றார்.

மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வாசலருகே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க வீட்ல இதுக்கு யாரும் சிரிச்சதில்லண்ணா," என்றாள்.