ரகு கொடுத்த பெட்டி

போன வாரம் நியூஜெர்சியிலிருந்து ரகு போன் செய்தான். பாபநாசத்தில் என்னோடு பள்ளிக்கூடம் படித்தவன். சௌக்கியமா, கிவுக்கியமா எல்லாம் கிடையாது. எடுத்தவுடன், "பெட்டி யூஸ் ஆகுதாடா?"

பெட்டி என்றால்... பிணம் வைக்கும் ஃப்ரீசர் பெட்டி. எங்கள் தெருவுக்கு அவன் செய்த தர்மம். பக்கவாட்டில் அவன் அப்பா அம்மா பெயர் — அதைவிடப் பெரிய எழுத்தில் அவன் பெயர். மாலை போட வருகிறவர்கள் முதலில் அதைத்தான் படித்தாக வேண்டும்.

தான் செய்த நல்லது எவ்வளவு தூரம் பயன்பட்டது என்று தெரிய வேண்டாமா, பாவம்? தெருவில் யாராவது போனால்தான் பயலுக்குத் திருப்தி.

பயன்பட்டது. எதிர்வீட்டு லூர்து டீச்சருக்கு.

படுக்கையில் விழுந்தபோது டீச்சர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஜோசப்ப வரச் சொல்லுங்க சார். பாத்துட்டுப் போயிடறேன்." ஒரே பிள்ளை. கனடாவில் சாஃப்ட்வேர். நானே போன் போட்டேன்.

பெட்டி வருவதற்கு முன்பெல்லாம் 'சீரியஸ்' என்று ஒரு வார்த்தை போதும். வெளிநாட்டுப் பிள்ளைகள் அடித்துப் பிடித்து ஃப்ளைட் ஏறுவார்கள். உயிர் போனால் மறுநாளே அடக்கம்... முகம் பார்க்கக் கிடைக்காதே என்ற பயம். இந்த ஜோசப்பே அவன் அப்பாவுக்கு அப்படித்தான் ஓடி வந்தான். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். மகன் கையால் இரண்டு வாய் கஞ்சி குடித்துவிட்டுத்தான் போனார்.

இப்போது?

"லீவு ரொம்ப டைட் அங்கிள். ரெண்டு தடவையெல்லாம் வர முடியாது. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா... நம்ம தெருவுலதான் பெட்டி இருக்கே, வச்சிருங்க. உடனே கிளம்பிடறேன்."

அம்மா மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்கு ரிசர்வேஷன். என்ன ஒரு திட்டமிடல் பாருங்கள்.

டீச்சர் கட்டிலை வாசல் பார்த்துத் திருப்பிப் போடச் சொன்னார். ஆட்டோ சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவார். ஒரு மத்தியானம் அப்படியே அடங்கிவிட்டார்.

பெட்டி வந்தது. பிறகு ஜோசப்பும் வந்தான். கண்ணாடி மேல் விழுந்து அழுதான். மாதா கோயிலில் பூசை, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் — எல்லாம் முறைப்படி.

ரகுவிடம் இதையெல்லாம் சொன்னேன். டீச்சர் கேட்டது, ஜோசப் சொன்னது, எதையும் விடவில்லை. அவன் காதில் பாதிதான் விழுந்ததுபோல. குரலில் அப்படி ஒரு பூரிப்பு.

"பாத்தியா? பெட்டி மட்டும் இல்லேன்னா அவன் அம்மா முகத்தப் பாத்திருப்பானாடா?"

"பாத்திருப்பான்டா. அவங்களும் அவன் முகத்தப் பாத்திருப்பாங்க."