பாட்டில் மூடி லென்ஸ்

என் அண்ணன் நாடகங்களைப் படம் எடுப்பவன். மேடையில் வெளிச்சம் மங்கலாக இருக்கும். ஃபிளாஷும் போடக் கூடாது. கையிலிருந்த காசுக்குப் பெரிய, பழைய ஜூம் லென்ஸ் ஒன்று விலைக்கு வந்தது, ஆனால் அது இருட்டில் தடுமாறும். அதனால் குறைந்த ஒளியிலும் முகம் தெளிவாக விழும் குட்டி லென்ஸை வாங்கினான். ஜூம் கிடையாது; மேடைக்குப் பக்கத்தில் நின்றால் போதும்.

ஒரு நாடகக் குழு, வருடம் முழுக்க வேலை தர ஆள் தேடி, அவனையும் இன்னொருவரையும் சோதித்துப் பார்க்க அழைத்தது. ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த நானும் கூடப் போனேன்.

குழுவின் மேனேஜர் அண்ணனின் லென்ஸைப் பார்த்துச் சிரித்தார். "என்ன தம்பி, பாட்டில் மூடியக் கொண்டாந்திருக்கீங்க? பின்னாடி போங்க. பெரிய லென்ஸ் வச்சிருக்கிற சாருக்கு எடம் விடுங்க."

"சார், இதுக்குத்தான் கிட்ட நிக்கணும். அவரு பின்னாடி இருந்தே எடுக்கலாம்" என்றான் அண்ணன்.

"எனக்கே சொல்லித் தரீங்களா?"

பின்வரிசையிலிருந்து அண்ணன் எடுத்த படங்களில் நடிகர்கள் தெளிவாக, தீக்குச்சி உயரத்தில் நின்றார்கள். மற்றவர் படங்களில் முகங்கள் கலங்கிக் கிடந்தன. "மூஞ்சியாவது பெருசா தெரியுதே" என்று மேனேஜர் அவருக்கே வேலையைக் கொடுத்தார்.

இப்போது அண்ணனும் அந்தப் பழைய ஜூமை வாங்கிவிட்டான். எங்கே போனாலும் முன்வரிசை கிடைக்கிறது.

"படம் எப்படிண்ணா வருது?"

"கலங்கலாத்தான் வருது. யாரு கேட்டா?" என்றான்.