தலைசிறந்தவள் என்பதற்கு அத்தாட்சி

சிவரூபினிக்கு நாற்பத்தொரு வயது. அதில் பதினொரு வருடங்களை இலண்டன் பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் பூஞ்சைகளோடு கழித்திருந்தாள். நோயாளியின் நுரையீரலில் புகுந்துவிட்ட பூஞ்சை எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்று அறிய ஆஸ்பத்திரிகள் ஒரு கிழமை காத்திருக்கும். அந்த ஒரு கிழமைக்குள் சிலர் செத்தே போவார்கள். அதை ஒரே நாளில் சொல்லிவிடும் சோதனையொன்றை அவள் கண்டுபிடித்தாள். அதற்குக் கிடைத்த வெகுமதி, இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டப்பட்ட ஒப்பந்தம். அது முடிய, மறுபடியும் ஒரு வருடம். செவன் கிங்ஸில் அவள் வீட்டருகே மீன் விற்பவருக்கே தன் கடைக்குப் பதினைந்து வருடக் குத்தகை இருந்தது.

அமெரிக்காவின் ஒஹாயோவில் இருந்த பல்கலைக்கழகம் ஒன்று நிரந்தர ஆராய்ச்சி வேலை தருகிறோம் என்றபோது அவள் இரண்டு முறை யோசிக்கவில்லை. தலைசிறந்த ஆராய்ச்சியாளர் என்ற பிரிவில் கிரீன் கார்டுக்குத் தாங்களே விண்ணப்பிப்பதாகவும் சொன்னார்கள். அவர்களுடைய வழக்கறிஞர் ஒரு பட்டியல் அனுப்பினார். அதில் ஆறு தகுதிகள். குறைந்தது இரண்டையாவது காகிதத்தில் காட்டவேண்டும்.

குசினி மேசையில் அவள் கணவன் கீர்த்தனன் அதை உரக்க வாசித்தான்.

“ஏதும் பெரிய பரிசு வாங்கினனீரோ?”

“பள்ளிக்கூடத்திலை கயிறடிச்சுத் துள்ளுறதுக்கு ஒரு கப் வாங்கினனான்.”

“பேப்பரிலை உம்மைப்பற்றி எழுதினவையோ?”

“பூங்காவை மூடாதேயுங்கோ எண்டு கவுன்சிலுக்குக் குடுத்த மனுவிலை என்ரை பேரும் இருந்தது. லோக்கல் பேப்பரிலை அதைப் பிழையாப் போட்டவங்கள்.”

எப்படித்தான் மோப்பம் பிடித்தார்களோ, பணம் கட்டினால் விருது தரும் நிறுவனங்களிடமிருந்து மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. ‘உலகின் நூறு மேதைகள்’ என்ற ஒன்றைத் திறந்து பார்த்தாள். கண்ணாடிக் கேடயத்தோடு சிரித்துக்கொண்டிருந்த மேதைகளில் ஒருவர் திரைச்சீலைக் கம்பி விற்பவர். மூடிவிட்டாள்.

பத்து வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு குரோய்டனில் அகதி விண்ணப்ப வரிசையில் நின்றவள் அவள். அன்று தாங்கள் எவ்வளவு அடிபட்டவர்கள் என்று அதிகாரிகளுக்குக் காட்ட வேண்டியிருந்தது. இன்று எவ்வளவு பெரியவள் என்று காட்டவேண்டுமாம். இரண்டிலும் அன்றையது மரியாதையானதாக அவளுக்குத் தோன்றியது. அதிலாவது பொய் தேவைப்படவில்லை.

ஆய்வுகூடத் தலைவரின் கடிதம் கட்டாயம் வேண்டும் என்றார் வழக்கறிஞர். தலைவர் பேராசிரியர் கிருஷ்ணராசா. விம்பிள்டன் பக்கம் எந்தத் தமிழ் விழா நடந்தாலும் முன்வரிசையில் இருப்பார். அவருக்குப் போர்த்திய பொன்னாடைகளைத் தைத்தால் ஒரு மண்டபத்துக்கே கூரை போடலாம். ஆய்வுகூடத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் வருவார். ஆய்வுச் சஞ்சிகைகள் அவரிடம் மதிப்பீட்டுக்கு அனுப்பும் கட்டுரைகளை, “ஒருக்காப் பார்த்து எழுதித் தாரும் பிள்ளை” என்று அவளிடம் தள்ளிவிடுவார். அவள் எழுதுவாள். அவர் பெயரில் போகும்.

கடிதம் கேட்டபோதும் அதே கதைதான். “நீரே எழுதிக்கொண்டு வாரும். நான் சைன் வைக்கிறன்.”

தனக்குத் தானே மாலை போட்டுத் தானே கைதட்டும் வேலை அது. ‘ஈடிணையற்ற’ என்ற சொல்லைத் தன் பெயருக்கு முன்னால் எழுதிவிட்டு எழுந்துபோய்த் தேநீர் போட்டாள். நாலு நாள் எடுத்தது. கிருஷ்ணராசா கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்த கடிதத்தில் ஒரே ஒரு வசனம் மாறியிருந்தது: ‘இந்தச் சோதனை என் யோசனையில் பிறந்தது, அதை இவர் திறம்படச் செய்து முடித்தார்.’

நேரே அவருடைய அறைக்குப் போனாள்.

“சேர், இது உங்கடை யோசனை இல்லை.”

“ஆரின்ரை ஆய்வுகூடம் பிள்ளை?”

“ஆய்வுகூடம் பல்கலைக்கழகத்தின்ரை. யோசனை என்ரை. நான் முதல் சொல்லேக்கை, இது சரிவராது, நேரத்தை வீணாக்காதையும் எண்டு சொன்னதே நீங்கள்தான்.”

கிருஷ்ணராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரு வசனம்தானே. உமக்குக் கிரீன் கார்ட் கிடைக்குது. ரிட்டயர் ஆக முதல் எனக்கும் ஒரு பேர் வேண்டாமோ?”

“இந்த வசனத்தோடை போனால் எனக்குக் கிடைக்காது சேர். ஆள் சொந்தமாக் கண்டுபிடிச்சதோ எண்டுதான் அவை கேக்கினம்.”

“அப்ப என்ரை கடிதம் இல்லாமல் போய்ப் பாரும்.”

“ஓம் சேர். அப்பிடியே போறன்.”

ஆய்வுகூடத்தில் பூஞ்சைத் தட்டுகளைப் போட்டு எரிக்க அனுப்பும் மஞ்சள் வாளி ஒன்று உண்டு. கடிதத்தை அதற்குள் போட்டு மூடியை அழுத்தினாள். அதன் பிறகுதான் பயம் வந்தது. பதினொரு வருடம் இந்த மனிதருக்காகவா எழுதிக் கொட்டினேன் என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது.

அன்றிரவு, தன் சோதனையைப் பயன்படுத்திய முப்பது ஆய்வுகூடங்களுக்கு எழுதினாள். ஒன்பது பேர் பதில் போட்டார்கள். அவற்றில் பிரேசிலின் ரெசிபே நகரிலிருந்து, முகமே தெரியாத ஒரு பெண் மருத்துவர் அனுப்பிய கடிதம் இரண்டு பக்கம். ‘ஈடிணையற்ற’ என்ற சொல் அதில் இல்லை. மூன்று வருடங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு நோயாளிகளுக்கு அந்தச் சோதனையைச் செய்ததையும், எத்தனை பேருக்கு மருந்தை நேரத்தோடு மாற்றமுடிந்தது என்பதையும் அவர் அப்படியே எழுதியிருந்தார். சிவரூபினி அதை வாசித்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதாள். உங்களை அறியாதவர்களின் சாட்சிக்குத்தான் இங்கே மதிப்பு அதிகம் என்றார் வழக்கறிஞர். பிறருடைய ஆய்வை மதிப்பிட்டதும் பட்டியலில் இன்னொரு தகுதி என்பதால், அவள் தன் சொந்தப் பெயரில் எழுதிய பதினான்கு மதிப்பீடுகள் கணக்கில் வந்தன. கிருஷ்ணராசாவுக்கு எழுதிக் கொடுத்த அறுபதுக்கும் மேற்பட்டவை சதத்துக்கும் உதவவில்லை.

விண்ணப்பம் மூன்றாம் கிழமையே ஏற்கப்பட்டது. சேதி பரவிய வேகத்தில் விம்பிள்டனில் ஒரு விழாவும் வந்தது. கிருஷ்ணராசா ஒலிவாங்கியைப் பிடித்து, “நான் வளர்த்து அமெரிக்காவுக்கு அனுப்பிற பிள்ளை, சிவரூபினி! மேடைக்கு வாரும் பிள்ளை” என்று அழைத்தார். ஒரு பொன்னாடையும் தயாராக இருந்தது. சபை திரும்பிப் பார்த்தது.

“போறீரோ?” என்று கீர்த்தனன் கிசுகிசுத்தான்.

“இல்லை. வடை முடிஞ்சுபோடும், வாங்கோ.”

பெயர் இன்னும் இரண்டு முறை ஒலித்தது. பின்னால் உணவு மேசையருகே அவள் சம்பலைத் தொட்டுத் தொட்டு, அவசரமில்லாமல் சாப்பிட்டாள். மேடையில் பொன்னாடையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற பேராசிரியர், கடைசியில் விழாச் செயலாளருக்கே அதைப் போர்த்திவிட்டார்.

பல மாதங்கள் கழித்து, அமெரிக்கத் தூதரக நேர்முகத்துக்கு நானூறு பக்க அத்தாட்சிகளைச் சுமந்துகொண்டு போனாள். சாளரத்துக்கு அப்பாலிருந்த இளம் அதிகாரி அவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை. என்ன ஆராய்ச்சி என்று மட்டும் விசாரித்தான். பூஞ்சை என்றாள். அவன் முகம் மலர்ந்தது. தன் வாடகை வீட்டுக் குளியலறைச் சுவரில் கறுப்பாகப் படர்கிறதே, அது ஆபத்தானதா என்று கேட்டான். சுவரைத் துடைக்கவும், குளித்த பிறகு யன்னலைத் திறந்து வைக்கவும் சொன்னாள். அவன் நன்றி சொல்லி, விசா அங்கீகரிக்கப்பட்டது என்றான்.

வெளியே கீர்த்தனன் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். “குடுத்திட்டாங்களோ? என்ன கேட்டவங்கள்?”

“ஓம், குடுத்திட்டாங்கள். பாத்ரூமைப்பற்றிக் கேட்டவங்கள்” என்றாள் சிவரூபினி, பையை அவனிடம் கொடுத்தபடி.