எஞ்சின் இல்லாமல் வந்த கூட்ஸ்

ரயில்வே கேட்டில் நின்றால் எனக்குக் கால் தரிக்காது. நேற்றும் அப்படித்தான். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, கூட்ஸ் போய்முடிகிறவரை முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தேன். பின்சீட்டிலிருந்து மனைவி, "அது தண்டவாளத்த உட்டு எறங்கி உங்களத் தேடிக்கினு வருமா? செத்த நில்லுங்க" என்றாள். காரணம் தெரிந்தே செய்கிற கிண்டல்.

சூடேறிய இரும்பு வாடையோடு புழுங்கல் அரிசி வாடையும் அடித்ததோ, எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ, எழுபதுகளுக்குப் போய்விட்டேன்.

கல்யாணமான புதிது. மனைவியின் அண்ணன் ஏகாம்பரத்தோடு தறி வேலை. நெய்வதற்கு முன்னால் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிச்சுப் போடுவோம் இல்லையா, பாவு என்று, அதன் கோடியில் குச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் உத்தியோகம். சும்மா நிற்க என்னைவிடத் தகுதியானவன் ஊரிலேயே இல்லை என்பது மச்சானின் அபிப்பிராயம். ஒரே சட்டம்: இடி விழுந்தாலும் கையை விடக் கூடாது. விட்டால் அத்தனையும் சிக்கு.

அந்த வாரம் தெருவில் தேர். வேறு இடமில்லாமல், ஸ்டேஷன் ஓரம் அரிசி மூட்டை ஏற்றுகிற கிளைத் தண்டவாளத்துக்குக் குறுக்கே பாவைப் போட்டோம். அந்தப் பக்கம் வேப்பமரத்தில் கட்டு, இந்தப் பக்கம் நான். நடுவில், தண்டவாளத்துக்குள்ளேயே குந்திக்கொண்டு, இழை முடிந்துகொண்டிருந்தார் மச்சான்.

"எஞ்சின் சாய்ங்காலம்தான் வரும் மாப்ள. பேஜார் பண்ணாத நில்லு."

சரியாகத்தான் சொன்னார். வந்தது எஞ்சின் இல்லை. மேட்டில் மூட்டையோடு நிறுத்தியிருந்த இரண்டு வேகன்கள், சக்கரத்துக் கட்டை நழுவித் தாமாகவே இறங்கி வந்தன. ஊதல் இல்லை, புகை இல்லை. மச்சான் முதுகை நோக்கி வந்தன. கத்த வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. வீரனாக இருந்தால் அவரிடம் பாய்ந்திருப்பான். நான் எதிர்த்திசையில் ஓடினேன். அதுவும் சட்டப்படி, குச்சியை விடாமல்!

மரத்துக் கட்டு அவிழ்ந்து பாவு என் பின்னால் வந்தது. கையிலிருந்த இழை பறிபோன மச்சான் எகிறிக் குதித்தார்.

"டேய்! பாவ எங்கடா இஸ்துக்கினு ஓடற! நில்றா!"

அடிக்கத் துரத்தி வந்தார். அவர் குதிகாலை ஒட்டி வேகன்கள் கடந்து, தண்டவாளம் முடிகிற மண்மேட்டில் மோதிச் சாய்ந்தன. அரிசி கொட்டியது. ஓங்கிய கையோடு திரும்பிப் பார்த்தவர், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாதிப் பாவு சக்கரத்தில் போயிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை.

"இன்னாத்துக்குடா கத்தல?"

"கத்த வரல மச்சான்."

"ஓட மட்டும் வந்துதா?"

சிரித்தார். நடுநடுவே அழுதார்.

அப்புறம் எந்தக் கல்யாணமானாலும், பந்தியில் என்னைக் காட்டி, "என் உசுரக் காப்பாத்துன பயந்தாங்கொள்ளி இவன்தான்" என்று எட்டு இலை தள்ளிக் கேட்கிற மாதிரி சொல்லுவார். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

கிளைத் தண்டவாளத்தைப் பெயர்த்தாயிற்று. வேப்பமரத்து இடத்தில் சைக்கிள் ஸ்டாண்டு. மச்சானும் போய்விட்டார். இப்போது பந்திகளில் எல்லோரும் என்னைப் பெரிய மனுஷன் மாதிரி "வாங்க, உக்காருங்க" என்கிறார்கள். இரண்டு வாய்க்குமேல் இறங்குவதில்லை, எழுந்து வந்துவிடுகிறேன்.