புல்லி மேல் நான் வைத்த பொட்டு

ஒரு வியாழக்கிழமை காலை, எங்கள் விசைத்தறிக் கூடத்தில் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. கரண்ட் போயிருந்தது. பெல்ட் சுற்றும் சக்கரமான புல்லி அசையாமல் நின்றது. அதன் விளிம்பில் ஒரு மஞ்சள் பொட்டு, பக்கத்திலேயே ஒரு சிவப்புப் பொட்டு. இரண்டும் ஆயுத பூஜைக்கு நான் வைத்தவை. அன்று இதே மஞ்சளையும் சிவப்பையும் மாமா வீட்டுக் காரின் இன்ஜின் புல்லியிலும் வைத்தேன். அந்தக் கார் மூன்று வாரமாக சைலன்சரில் வெடித்துக்கொண்டிருக்கிறது. வேலூர் மெக்கானிக் பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, வைத்தது கம்பெனி போட்ட மார்க்கைப் பார்த்து அல்ல, என் பொட்டைப் பார்த்து.

துணியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் பூஜைக்கு மெஷின்களுக்கு வைப்பது பெயின்ட் பொட்டு. மஞ்சள் குழைத்து வைத்தால் தறி ஓடின ஒரு மணி நேரத்தில் உதிர்ந்துவிடும், எண்ணெயில் வழிந்து தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழையில் தெறித்தால் பட்டு கறையாகும். அதனால் மஞ்சள் ஒரு டப்பா, சிவப்பு ஒரு டப்பா, ஒரு சின்ன பிரஷ். வருஷா வருஷம் அந்த வேலை எனக்கு. ஈர மஞ்சளின் மேல் சிவப்பு வைத்தால் இரண்டும் கலந்து அசிங்கமாகிவிடும் என்பதால் நான் எப்போதும் சிவப்பைக் கொஞ்சம் தள்ளித்தான் வைப்பேன். எந்த இடம் சுற்றுகிறதோ அந்த இடத்தில் வை என்பது அம்மாவின் கணக்கு.

காரை ஓட்டுவது மாமா பையன். மாமா இந்த ஊரில் பட்டுப்புடவை வியாபாரம் செய்கிறவர். பெங்களூரில் அவரிடம் வருஷக்கணக்காகப் புடவை எடுக்கும் ஒருவர், ஓட்ட ஆளில்லாமல் ஷெட்டில் நின்ற அந்தப் பழைய ஜப்பான் காரை, ஓட்டிப் பார்த்துப் பிடித்தால் வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். இரண்டு கதவு, இரண்டு சீட். முன்விளக்கு கண் திறப்பதுபோல் எழும்பி மூடும். அதையெல்லாம் விடுங்கள். அதற்குள் இருப்பது ரோட்டரி இன்ஜின். பிஸ்டன் கிடையாது. முக்கோணம்போல் இரண்டு ரோட்டார்கள் உள்ளே சுற்றும். கல்லூரியில் மெக்கானிக்கல் படித்த நாலு வருஷமும் நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்துகொண்டிருந்தது அந்த முக்கோணத்தைத்தான். அதை நேரில் பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை. அது வந்து இறங்கியதோ, ‘பிஸ்டன் எத்தனை?’ என்று என்னைக் கேட்டவன் வீட்டு வாசலில்.

எனக்குப் பொறாமை என்று சொன்னால் குறைவு. அவனும் நானும் பிளஸ் டூ வரை ஒரே பள்ளிக்கூடம். கணக்கில் என் பேப்பரைப் பார்த்து எழுதியவன். நான் இப்போது பைக் ஷோரூமில் சர்வீஸ் கவுன்டரில் உட்கார்ந்து ஜாப் கார்டு டைப் அடிக்கிறேன். வண்டியைத் தொடுவது உள்ளே இருக்கும் பையன்கள். தினமும் சாயங்காலம் ஸ்கூட்டியை வேண்டுமென்றே மாமா வீட்டுத் தெரு வழியாக விடுவேன். கார் நின்றால் வயிறு எரியும். நிற்காவிட்டால், எங்கே ஓட்டிக்கொண்டு போயிருப்பான் என்று இன்னும் எரியும்.

இதை அம்மா கண்டுபிடித்துவிட்டாள். “அவனக் கட்டிக்கினா கார் தன்னால வரப்போவுது. எதுக்கு இவ்ளோ வயித்தெரிச்சல்?”

“காரை மட்டும் கட்டித் தருவாங்களான்னு கேட்டுச் சொல்லு” என்றேன்.

பூஜை அன்று மாமா, காருக்கும் பொட்டு வைத்துவிடு என்றார். பானெட் மேல் ஒன்று வைத்துவிட்டு வந்திருக்கலாம். எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். எனக்கோ அது ஒரு சாக்கு. பானெட்டைத் திறக்கச் சொல்லி, சுற்றுகிற இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று அம்மாவின் கணக்கை மாமாவிடம் ஒப்பித்து, கையை உள்ளே விட்டு, இன்ஜினின் முன்னால் இருக்கும் புல்லியின் விளிம்பைத் துடைத்து மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று வைத்தேன். வேண்டுமென்றே மெதுவாக வைத்தேன். அந்த இன்ஜினை நான் தொட்டது அன்றுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் மழை. காலையில் கார் கிளம்ப அடம்பிடித்தது. மாமா பையன் வேலூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தான். நாற்பது வயதுக்காரர், பழைய கார் வேலையில் கெட்டிக்காரர். ஷோரூமில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நானும் போய் நின்றேன். அவர் பிளக்குகளை மாற்றினார். ரோட்டாருக்கு இரண்டு பிளக் வீதம் நாலு. கீழே இருப்பது முதலில் பொறி விடும், அதற்கு லீடிங் என்று பெயர். மேலே இருப்பது கொஞ்சம் பொறுத்து விடும், அது டிரெய்லிங். பிறகு டைமிங் லைட்டை மாட்டினார். பொறி விழுகிற ஒவ்வொரு தடவையும் அந்த விளக்கு மின்னும். அந்த மின்னலில் பார்த்தால், ஓடும் புல்லியும் நிற்பதுபோல் தெரியும். புல்லியில் இருக்கும் மார்க், இன்ஜினில் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளுக்கு நேரே வர வேண்டும். வராவிட்டால், பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வரவைக்க வேண்டும். இந்தக் காரில் லீடிங்குக்கு மஞ்சள் மார்க், டிரெய்லிங்குக்குச் சிவப்பு. அவர் அதை போனில் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

“பழைய வண்டின்றாங்க, மார்க் பாரு, புதுசு மாதிரி கீது” என்று சந்தோஷப்பட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு உறைக்கவில்லை. அவர் கையில் இருந்த லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே வெடிக்க ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சைலன்சரில் டமால். சில சமயம் நெருப்பே வந்தது. இன்ஜினும் சூடாகி இழுவை குறைந்தது. மாமா பையனுக்கு அதெல்லாம் கவலையே இல்லை. நெருப்பை ரீல்ஸ் எடுத்துப் போட்டான். ஊர்ப் பையன்கள் அத்தனை பேரும் ஹார்ட் விட்டார்கள். தீபாவளி முடிந்த பிறகும் உங்கள் வீட்டில் வெடி தீரவில்லையா என்று எங்களையும் கேட்டார்கள். நான் அந்த ரீல்ஸை ஒரு நாளைக்குப் பத்து தடவை பார்த்தேன். ஒரு தடவைகூட ஹார்ட் விடவில்லை.

மெக்கானிக் மறுபடி இரண்டு தடவை வந்தார். மேல் பிளக் ஒயரும் கீழ் பிளக் ஒயரும் மாறிவிட்டதா என்று பார்த்தார், மாறவில்லை. கார்புரேட்டரைச் சுற்றி எங்காவது காற்று இழுக்கிறதா என்று ஸ்பிரே அடித்துப் பார்த்தார், இல்லை. சைலன்சர் ஜாயின்ட்டில் கசிவு இல்லை. டைமிங்கை மட்டும் அவர் திரும்பப் பார்க்கவில்லை. மார்க் அவ்வளவு தெளிவாக இருந்ததே.

ஒரு நாள் விடியற்காலை தெருவில் பாவு நீட்டிப் போட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழை சேர்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா பையன் காரைத் திருப்பினான். டமால். பாவு பிடித்திருந்த ஒருவர் திடுக்கிட்டுக் கையை இழுக்க, இழைகள் கொத்தாக அறுந்தன. அவற்றை ஒன்றொன்றாக முடிச்சுப்போட அவர்களுக்குப் பகல் முழுக்க ஆயிற்று. மாமா அன்றைக்கே பெங்களூருக்கு போன் பண்ணிவிட்டார். இந்தப் பேஜார் வேண்டாம், திங்கட்கிழமை லாரி அனுப்புங்கள், ஏற்றிவிடுகிறேன் என்று.

இது நடந்தது புதன்கிழமை. மறுநாள்தான் எனக்கு அந்தப் பொட்டு உறைத்தது.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள். இல்லை. வியாழன் சொல்லவில்லை, வெள்ளியும் சொல்லவில்லை. கார் போனால் அவனிடமும் இருக்காது என்று ஒரு நினைப்பு. அது எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஜாப் கார்டு அடித்துக்கொண்டே, லாரியில் கார் ஏறுவதையும், அவன் முகம் சுருங்குவதையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஆனால் அந்தப் படம் முழுசாக ஓடுவதில்லை. லாரி தெருமுனை திரும்பியதும், இந்த ஊரில் ரோட்டரி இன்ஜின் இல்லை என்கிற இடத்தில் நின்றுவிடும். திரும்பவும் நோட்டின் கடைசிப் பக்கம்தான்.

சொன்னாலும் வம்பு. கோளாறு என்னால்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் பானெட் பக்கம் யார் என்னை விடுவார்கள்? சரி செய்தவள் என்ற பேர் வேண்டுமென்றால், கெடுத்தவள் என்ற பேரையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் போனேன். மாமா பையன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். “இன்னா இன்ஜினியர் மேடம், உங்க புக்குல இந்த வெடிக்கு எதுனா மருந்து கீதா?” என்று கேட்டான். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கதவையே துடைத்தான். நாளைக்கு மெக்கானிக் கடைசித் தடவையாக வருகிறார் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா, அவன், மெக்கானிக் மூவரும் திறந்த பானெட்டைச் சுற்றி நின்றார்கள். மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, நீங்க பாத்து டைமிங் வச்சது கம்பெனி மார்க் இல்லீங்க” என்றேன். “ஆயுத பூஜைக்கு நான் வச்ச பொட்டு.”

மாமா பையன் சிரிக்க ஆரம்பித்தான். காம்பவுண்டுச் சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“பொட்டு வக்கச் சொன்னது நான்தான்” என்றார் மாமா. “அங்க பூந்து வக்கச் சொன்னனா?”

மெக்கானிக் சிரிக்கவில்லை. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துப் புல்லியைத் தேய்த்தார். மஞ்சள் லேசில் போகவில்லை, பிளேடால் சுரண்டினார். அடியில் வழவழப்பான இரும்புதான், மார்க் எதுவும் இல்லை. நான் கையை விட்டு விளிம்பு நெடுக நகத்தால் தடவிக்கொண்டே போனேன். அழுக்கு மூடிய ஒரு வெட்டு நகத்தில் தட்டியது. இன்னும் தடவினால் இன்னொன்று. கம்பெனிக்காரன் வெட்டிவிட்ட தடங்கள் அவை, மேலே பூசின சாயம் எப்போதோ போய்விட்டிருந்தது. லீடிங்குக்கான வெட்டிலிருந்து என் மஞ்சள் இரண்டு விரல் தள்ளி இருந்தது. அந்த இரண்டு விரல் அளவுக்குப் பொறி பிந்தி விழுந்திருக்கிறது. உள்ளே எரிந்து முடியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் எரிந்திருக்கிறது.

“எத்தினியோ வண்டி பாத்துட்டேன்” என்றார் மெக்கானிக். “சாமிப் பொட்டப் பாத்து டைமிங் வச்சது இதான் மொதோ தபா.” லைட்டை என் கையில் திணித்தார். “உன் பொட்டுதானம்மா, நீயே பாத்துக்க.” டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

கோபத்தில்தான் கொடுத்தார். எனக்கு அது போதும். லைட்டின் கிளிப்பை முதல் ரோட்டாரின் லீடிங் ஒயரில் மாட்டினேன். மாமா பையனை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன், சிரிப்பை அடக்கிக்கொண்டு பண்ணினான். மின்னலில் வெட்டு தெரிந்தது, முள்ளுக்கு வெகு தூரத்தில். டிஸ்ட்ரிபியூட்டரின் அடி நட்டைத் தளர்த்தி, மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். ஒரு பக்கம் திருப்பினால் இன்ஜின் திணறியது. மறுபக்கம் திருப்பினேன். வெட்டு முள்ளை நோக்கி ஊர்ந்து வந்தது. வர வர இன்ஜினின் குரல் தெளிந்தது, வேகம் தானாக ஏறியது. இரண்டும் நேருக்கு நேர் நின்றதும் நட்டை முறுக்கி, ஐடில் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் குறைத்தேன். மாமா பையன் ஆக்ஸிலரேட்டரை மிதித்துச் சட்டென்று காலை எடுத்தான். வெடிக்கவில்லை. மறுபடி மிதித்து எடுத்தான். அவனுக்குச் சிரிப்பு போயிருந்தது.

ஓட்டிப் பார்க்க வேண்டுமே. டீ குடித்துவிட்டு வந்த மெக்கானிக், சத்தம் கேட்கத் தானே வர வேண்டும் என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார். இருப்பதே இரண்டு சீட். படவேடு ரோடு பக்கமாகப் போனார்கள். நான் லைட்டை வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரம் எரிந்த மாதிரி கார் வந்ததிலிருந்து ஒரு நாள்கூட எனக்கு எரியவில்லை.

திரும்பி வந்து, இழுவை பிரமாதம், சூடும் இல்லை என்றார்கள். இறக்கத்தில் காலை எடுக்கும்போது மட்டும் சின்னதாக ஒரு பட் சத்தம் மிச்சம். மாமா பெங்களூருக்கு போன் போட்டு, லாரி இரண்டு வாரம் பொறுக்கட்டும், அதற்குள் அந்தச் சத்தமும் நிற்காவிட்டால் அனுப்பிவிடுகிறேன் என்றார். அன்று சாயங்காலம் ரீல்ஸ் வந்தது. மாமா பையனும் மெக்கானிக்கும் கை குலுக்குகிறார்கள். ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது. என்னுடையது.

மறுநாள் நேரிலேயே போய் மாமா பையனிடம் சொன்னேன். மிச்சச் சத்தம் டிரெய்லிங்கில் இருக்கலாம், என் மஞ்சளை நம்பி லீடிங்கை வைத்தவர் என் சிவப்பை நம்பி அதையும் நகர்த்தியிருப்பார், நான் பார்க்கிறேன், நின்றுவிட்டால் படவேடு வரைக்கும் நான் ஓட்டுவேன், நீ பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும் என்று.

“மொதல்ல நிறுத்து, அப்புறம் பாப்பம்” என்றான். முடியாது என்று சொல்லவில்லை.

மெக்கானிக் இனி வரமாட்டார். ஷோரூமில் சர்வீஸ் சூப்பர்வைசரிடம் ஒரு பழைய டைமிங் லைட் இருக்கிறது, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டு வைத்திருக்கிறேன். கிளிப்பை டிரெய்லிங் ஒயருக்கு மாற்றி, இரண்டாவது வெட்டைப் பார்க்க வேண்டும். இந்தத் தடவை டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடக்கூடாது, தொட்டால் லீடிங்கும் நகர்ந்துவிடும். அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், டிரெய்லிங் பொறியை மட்டும் நகர்த்தும் வாக்குவம் டப்பாவின் ஸ்க்ரூக்களை மட்டும் தளர்த்தி, டப்பாவைத் துளி உள்ளேயோ துளி வெளியேயோ நகர்த்தி முறுக்க வேண்டும். எந்தப் பக்கம் நகர்த்தினால் பொறி முந்தும் என்று இன்னும் தெரியவில்லை. உள்ளே தள்ளுவதிலிருந்து ஆரம்பிக்கப் போகிறேன்.