அரை இஞ்ச் ஏவுதளம்

ரயில் விக்கிரவாண்டியைத் தாண்டும்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. குழாயின் ஐந்தாவது மூட்டை ஒட்டினேனா, இல்லையா?

விழுப்புரத்தில் ஏறும்போது உலகத்திலேயே கெட்டிக்கார ஆள் நான்தான். மடியில் ஒரு கோணிப்பை, அதற்குள் நானே செய்த ராக்கெட் ஏவுதளம். பக்கத்தில் மனைவி. திண்டிவனத்துப் பள்ளியில் அறிவியல் டீச்சர், தினமும் இதே ரயிலில் போய் வருகிறவள். நான் பைப் கடையில் வேலை பார்க்கிறவன். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு அவளோடு கிளம்பியிருந்தேன்.

காரணம், போன தடவை நடந்த கூத்து. தண்ணீர் ராக்கெட் விடுகிறேன் என்று அவள் பாட்டிலை இரண்டு செங்கலுக்கு நடுவில் நிறுத்திக் காற்றடிக்க, அது சாய்ந்து, தரையோடு தரையாகப் பறந்து, தலைமை ஆசிரியையின் புடவையைக் குளிப்பாட்டிவிட்டது. அன்றிலிருந்து கணக்கு வாத்தியார் அவளை 'ராக்கெட் டீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறார். இன்னொரு வாய்ப்பு கொடுத்திருந்தார்கள். இதுவும் ஊற்றிக்கொண்டால் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட், அவள் சண்டை போட்டு வாங்கிய அறிவியல் மன்ற நேரம், கணக்குக்குப் போய்விடும்.

"எல்லாத்துலயும் விளையாடுறீங்க. இதுல மட்டும் வேணாங்க" என்றாள். அவள் என்னிடம் எதையும் கேட்கிற ஆளில்லை. கேட்டுவிட்டாள்.

செலவே இல்லாமல் முடித்தேன். கடையில் வெட்டி மிஞ்சிய அரை இஞ்ச் பி.வி.சி. துண்டுகள், எல்போ, டீ இணைப்புகள், ஒரு பழைய சைக்கிள் டியூபின் வால்வு, ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் கேபிள் டை பத்துப் பன்னிரண்டு. நடுக்குழாயில் பாட்டிலைத் தலைகீழாகச் செருகினால், கேபிள் டைகளின் தலை அதன் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அவற்றை இறுக்கி நிற்கும் பெரிய குழாய்த் துண்டைக் கயிறு கட்டிக் கீழே இழுத்தால் பிடி விடும், பாட்டில் பாயும். ரயிலில் கொண்டுபோக வேண்டும் என்பதால் நான்கு கால்களையும் ஒட்டாமல் விட்டேன். கழற்றலாம், மாட்டலாம். காற்றுப் போகிற ஐந்து மூட்டுகளை மட்டும் சொல்யூஷன் தடவி ஒட்ட வேண்டும்.

அந்த வேலையைக் காலையில் வைத்துக்கொண்டேன். அவள் ஒரு பக்கம் "ட்ரெயினுக்கு நேரமாச்சு" என்று கத்த, நான் ஒரு பக்கம் கடைப் பையனோடு போனில் கிண்டலடித்துக்கொண்டே ஒட்டினேன். நான்கு மூட்டு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஐந்தாவது நேரத்தில் என்ன ஜோக் அடித்தேன் என்பது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

கையால் இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பதினெட்டு வருஷம் பைப் விற்றவனுக்கு இதுகூடவா தெரியாது? இழுக்கத்தான் பயம். கையோடு வந்துவிட்டால் தெரிந்துபோகுமே. ஆகவே கோணிப்பைக்கு மேலேயே தடவிக்கொண்டு வந்தேன்.

எதிரே அவித்த மல்லாட்டைக் கடலைக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னாப்பா, பையில கோழியா? தடவிக்கினே வர்ற."

"கோழி இல்லம்மா. ராக்கெட்டு."

"சரி சரி. நானும் நிலாவுக்குத்தான் போறேன், மயிலத்துல எறங்கி."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன்.

மைதானத்தில் பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். தலைமை ஆசிரியை இந்த முறை வெகு தூரத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். பயத்தை மறைக்க நான் வாயைத் திறந்தேன். பாட்டிலுக்கு விசா வாங்கியாச்சா என்றேன், கணக்கு வாத்தியாருக்குக் குடை கொடுங்கள் என்றேன். ஒரே சிரிப்பு. பிறகு சைக்கிள் பம்பில் கை வைத்தேன். மூன்று அடி அடித்துவிட்டு நிறுத்தினேன்.

"ஒரு மூட்டு ஒட்டினேனா இல்லையான்னு எனக்கு ஞாபகமில்லைங்க" என்றேன்.

மைதானமே சிரித்தது. கணக்கு வாத்தியார் கையே தட்டினார். "சத்தியமாங்க" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். நேராக வந்தாள். காற்றை இறக்கினாள். ஏவுதளத்தைத் தூக்கி மூட்டு மூட்டாகப் பிடித்து இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது 'பொளக்' என்று அவள் கையோடு வந்தது. பிள்ளைகள் அதற்கும் கைதட்டினார்கள்.

"சொல்யூஷன் இருக்குதா?"

அவசரத்தில் டப்பாவையும் பைக்குள்ளேயே போட்டிருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே ஒட்டினாள்.

"மேடம், இது காயணும். சாயந்தரம் விடலாமா?" என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டாள்.

"மூணரைக்கு நான் கிளம்பணும். அதுக்குள்ள பாருங்க."

"ராக்கெட் டீச்சர் இன்னிக்கும் ஒத்திவெச்சிட்டாங்க" என்றார் கணக்கு வாத்தியார். அவள் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

அதன்பிறகு நான் பட்ட பாடு. காலையெல்லாம் இழுக்கப் பயந்த கைக்கு இப்போது இழுத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இரண்டு தடவை ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தேன். மூன்றாவது தடவை போனபோது ஏவுதளம் பீரோவின் மேல் ஏறியிருந்தது.

"தொட்டீங்கன்னா பேசவே மாட்டேன்" என்றாள். அதுவரையும் பேசிக்கொண்டிருக்கவில்லை.

மூன்று மணிக்கு மறுபடி மைதானம். நான் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. அதைப் பார்த்துப் பிள்ளைகள்தான் பயந்துபோனார்கள். காற்றடித்தேன். எந்த மூட்டும் சீறவில்லை. பத்திலிருந்து எண்ண ஆரம்பித்தார்கள். ஆறு வரைக்கும் தாக்குப்பிடித்தேன், ஐந்தில் ஓடிவிட்டேன். அவள் அசையாமல் நின்று கயிற்றை இழுத்தாள்.

பாட்டில் போயிற்று. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, கழுத்தை ஒடித்துப் பார்க்கிற உயரத்துக்கு. அதன் தண்ணீர் காற்றில் சாய்ந்து, ஓடி ஒளிந்த என் தலைமேலேயே விழுந்தது. தலைமை ஆசிரியை எழுந்து நின்று புடவையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காய்ந்துதான் இருந்தது.

"வெள்ளிக்கிழமை பீரியட் உங்களுக்கே இருக்கட்டும் டீச்சர்" என்றார்.

திரும்பும்போது ரயிலில் கூட்டமில்லை. கோணிப்பை என் மடியில். அவள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். நான் மெதுவாகப் பைக்குள் கையை விட்டு ஐந்தாவது மூட்டைப் பிடித்து இழுத்தேன். நின்றது. மயிலத்தில் ஒரு தடவை இழுத்தேன், விக்கிரவாண்டியில் ஒரு தடவை.

"இப்ப இழுத்து இன்னா ஆவப்போவுது?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"சும்மா."

"காலையில இதே ட்ரெயின்ல சொல்லியிருக்கலாம் இல்ல?"

பதிலுக்கு ஒரு ஜோக் நாக்கு நுனிவரை வந்தது. முண்டியம்பாக்கம் போகிறவரை அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன்.