படுக்கவைத்து எடுத்த படம்

தொண்ணூறுகளில் கோவையில் எனக்கு ஒரு மோட்டார் பம்ப் பட்டறை இருந்தது. மோட்டாருக்குக் காயில் சுற்றுவது என் மனைவி. அவளுக்குச் சம்பளம் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்று மூன்று மாதம் சொன்னாள். நான்காவது மாதம்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஈ.சி.ஜி.யைப் பார்த்துவிட்டு அவர் பொறுமையாக விளக்கினார். முதலில் டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்க்கலாம், சந்தேகம் வந்தால் ஆஞ்சியோகிராம். எக்கோ என்கிற ஸ்கேனும் உண்டு, ஆனால் அது படுக்கவைத்து எடுப்பது. இதயம் துடிப்பது தெரியும், ரத்தக்குழாய் அடைப்பு தெரியாமலும் போகலாம்.

நான் விலையைக் கேட்டேன். ஆஞ்சியோவுக்கு ஆகும் காசில் புது மோட்டாரே வாங்கலாம். டிரெட்மில் எக்கோவைவிடவும் மலிவுதான், ஆனால் கிடைப்பது மறுபடியும் கோடு போட்ட காகிதம். எக்கோவில் இதயமே திரையில் ஆடுமாம். கொடுக்கிற காசுக்குப் படமாவது வேண்டாமா?

"பொம்பளைய ஓட உட்டு வேடிக்கை பாக்கறதெல்லாம் வேண்டாமுங்க. எக்கோவே எடுத்துப்போடுங்க" என்றேன்.

எல்லாம் நார்மல் என்று வந்தது. இதோடு விட்டுவிடாதீர்கள், டிரெட்மில்லும் பார்த்துவிடுங்கள் என்றார் டாக்டர். ஆகட்டுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ரிப்போர்ட்டைப் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போதெல்லாம் அதைக் கைகாட்டுவேன். "படத்துலயே ஒண்ணுமில்லீன்னு வந்துருச்சு. அப்பறம் என்ன நடிப்பு?" வேலையாட்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் அவள் காயிலைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, தண்ணி எறைக்க உடாம ஒரு மோட்டாரையாச்சும் நல்லாருக்குதுன்னு வெளிய அனுப்பியிருக்கறீங்களா?"

அனுப்பியதில்லை. சும்மா ஓடவிட்டால் எந்த மோட்டாரும் சத்தமில்லாமல் ஓடும். பம்பில் மாட்டித் தண்ணீர் இறைக்கவிட்டால்தான் கோளாறு தெரியும். லோடு டெஸ்ட் இல்லாமல் ஒரு மோட்டாரும் என் பட்டறை வாசலைத் தாண்டாது என்று பொள்ளாச்சி வரைக்கும் பேர் வாங்கியவன் நான். அவள் கேட்டது புரிந்தது. புரிந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

"மோட்டாரப் பத்தி எனக்கே சொல்லித் தர்றயா?" என்று கத்தினேன். மாடியிலிருக்கும் தாமிரக் கம்பிச் சுருளைத் தூக்கிவரச் சொன்னேன். நின்று நின்று ஏறினாள். இறங்கி வரவில்லை.

அடுத்த வருடம் எனக்கு நெஞ்சு வலித்தது. அதே டாக்டர், எனக்கும் டிரெட்மில்லே போதும் என்றார். மகன் ஒப்புக்கொள்ளவில்லை. "அம்மாவுக்கு மிச்சம் புடிச்சது போதுமுங்க டாக்டர். இவருக்கு நேரா ஆஞ்சியோவே பண்ணிப்போடுங்க."

அவள் வளையலை விற்றுத்தான் பணம் கட்டினான்.

குழாயெல்லாம் சுத்தமாக இருக்கிறது, வெறும் வாயுதான் என்று டாக்டர் திரையில் காட்டினார். மகன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்க்கவேயில்லை.